காலணிகளைப் பூட்டப் புதிய வழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷூவையும் பூட்ஸையும் காலில் பிடித்து நிறுத்தும் முறைகளில் புதிதாக எதையேனும் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள், ஷூ தொழிற்சாலைகளின் சாம்பிள் பிரிவில் வேலை செய்பவர்கள், தனியாக முயல்பவர்கள் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஒரு ஷூவில் பூட்டும் அமைப்பு சரியாக என்ன வேலையைச் செய்கிறது?

அது மூன்று வேலைகளைச் செய்கிறது. பாதம் உள்ளே நுழைவதற்கும் வெளியே வருவதற்கும் ஷூவின் வாயைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகு, குதிகால் மேலெழும்பாமலும் பாதம் முன்னோக்கிச் சறுக்கி விரல்கள் இடிபடாமலும் புறங்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இவற்றோடு, பாதத்தின் பருமனுக்கு ஏற்ப இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தர வேண்டும். இந்த மூன்றாவது வேலை எளிதில் மறந்துபோகிறது. நின்றுகொண்டே வேலை செய்பவரின் பாதம் காலையில் இருந்த அளவில் மாலையில் இருப்பதில்லை; ஒரே ஆளின் வலது பாதமும் இடது பாதமும்கூட ஒரே அளவாக அமைவது அரிது.

புதிய முறையைத் தேடுபவர்கள் பெரும்பாலும் முதல் வேலையில் மட்டும் கருத்தைச் செலுத்துகிறார்கள். மேசைமேல் வைத்துக் காட்டும்போது ஒரே நொடியில் மூடிக்கொள்ளும் ஷூ பார்ப்பவரை உடனே கவர்கிறது. ஆனால் அது எட்டு மணி நேரம் காலில் கிடந்த பிறகு எப்படி இருக்கிறது என்பதை அந்த மேசை காட்டுவதில்லை. நாடாவின் குறைகள் ஏறக்குறைய அனைத்தும் கையைச் சார்ந்தவை: குனிய வேண்டும், விரல்கள் நுட்பமாக இயங்க வேண்டும், நேரம் ஆகும், முடிச்சு அவிழும். பாதத்தைப் பொறுத்தவரை அதைப்போல நல்ல அமைப்பு இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து. ஆகவே புதிய முறை எதுவானாலும், கைக்குச் சுகம் தருவதற்காகப் பாதத்துக்கு நாடா செய்துவந்ததை இழக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாடா அப்படி என்ன செய்கிறது?

நாடா ஐலெட் துளைகளுக்குள் வழுக்கிச் செல்லக்கூடியது. நடக்கும்போது முன்பாதம் மடங்கினால் அங்கே நாடா சற்றுத் தளர்ந்து, அந்த நீளம் மேலே கணுக்கால் பக்கம் நகர்கிறது; பாதம் நிமிர்ந்ததும் திரும்பி வருகிறது. இந்தச் சின்ன நகர்வால் இறுக்கம் ஒரே இடத்தில் குவியாமல் புறங்கால் முழுவதும் பரவுகிறது. அதே சமயம் ஐலெட்டில் ஏற்படும் உராய்வினால், கீழே தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் வேண்டுமென்றே கட்டிக்கொள்ளவும் முடிகிறது. புறங்கால் உயரமாக உள்ளவர் நடுவில் ஓரிரு துளைகளை விட்டுவிட்டுக் கட்டலாம். இத்தனையையும் சில ரூபாய் விலையுள்ள ஒரு கயிறு செய்கிறது. அறுந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று கிடைக்கிறது.

ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் புர்கார்ட் போல்ஸ்டர் 2002-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. ஆறு இணைத் துளைகள் உள்ள ஷூவில் நாடாவைக் கோக்க ஏறத்தாழ 2 லட்சம் கோடி வழிகள் உள்ளன என்று கணக்கிட்ட அவர், அவற்றுள் மிக வலுவாக இழுத்துப் பிடிப்பவை எவை என்றும் ஆராய்ந்தார். உலகெங்கும் மக்கள் வழக்கமாகக் கோக்கும் குறுக்குமறுக்கு முறையும் நேர்கோட்டு முறையுமே வலிமை மிக்கவை என்பது விடை. இரண்டில் எது மேல் என்பது துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிப் பார்த்தே மக்கள் சரியான முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாடா எவ்வளவு பழமையானது? அது எப்போதும் முதலிடத்தில் இருந்ததா?

ஆர்மீனியாவில் அரேனி என்னும் ஊருக்கு அருகிலுள்ள குகையில் 2008-இல் கிடைத்த தோல் காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் பழமையானது. ஒரே மாட்டுத்தோல் துண்டைப் பாதத்தைச் சுற்றி மடித்து, துளைகள் வழியாகத் தோல்வாரைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவர் நாடாவைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார் என்று பரவலாகச் சொல்லப்படும் செய்தியை இந்த ஒரு காலணியே மறுத்துவிடுகிறது.

இடையில் நாடா பின்னுக்குத் தள்ளப்பட்ட காலமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவில் உலோகப் பக்கிள் பரவியது. அடுத்த நூறாண்டில் பர்மிங்காம் சுற்றுவட்டாரத்தில் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. 1790-களின் தொடக்கத்தில் நாகரிகம் மாறி மக்கள் மீண்டும் நாடாவுக்குத் திரும்பியபோது, வேலையிழந்த பக்கிள் தொழிலாளர்கள் தங்களைக் காக்குமாறு வேல்ஸ் இளவரசரிடம் மனு அளித்தார்கள். இளவரசர் பக்கிள் அணிந்து ஆதரவு காட்டியும் பயன் விளையவில்லை. ஒரு பூட்டும் முறை எழுவதிலும் வீழ்வதிலும் பொறியியலுக்கு நிகராக நாகரிகத்துக்கும் பங்கு உண்டு என்பதைக் கண்டுபிடிப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சரியாகக் கட்டிய முடிச்சு ஏன் தானே அவிழ்கிறது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பொறியாளர்கள் 2017-இல் இதற்கு விடை வெளியிட்டார்கள். ஓடும்போது பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏழு மடங்கு வரை செல்கிறது. ஒவ்வொரு மோதலிலும் முடிச்சின் நடுப்பகுதி சற்று நெகிழ்ந்து மீள்கிறது. அதே நேரத்தில் கால் முன்னும் பின்னும் வீசப்படுவதால் நாடாவின் தொங்கும் முனைகள் சாட்டைபோல் சுழன்று, யாரோ மெல்ல இழுப்பதுபோல் முடிச்சை இழுக்கின்றன. நெடுநேரம் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். தளர்வு ஓர் அளவைத் தாண்டியதும் ஓரிரு எட்டுகளில் முழுவதும் அவிழ்ந்துவிடும். உட்கார்ந்தபடி காலை வீசினால் மட்டுமோ, நின்ற இடத்தில் தரையை மிதித்தால் மட்டுமோ அவிழ்வதில்லை; இரண்டும் சேர வேண்டும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: முதல் சுற்றில் எந்த முனையை மேலே போட்டீர்களோ, இரண்டாவது சுற்றில் அதற்கு மாறான திசையில் வளையத்தைச் சுற்ற வேண்டும். சரியாகப் போட்ட முடிச்சின் இரு வளையங்களும் ஷூவுக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். தவறானதில் அவை விரல் நுனியையும் கணுக்காலையும் நோக்கித் திரும்பிக் கிடக்கும். ஒரே திசையில் இருமுறை சுற்றும் பழக்கமே பலருடைய தொல்லைக்குக் காரணம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

ஜிப் முதலில் ஷூவுக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டதா?

ஆம். இந்தத் துறையில் நுழையும் எவரும் படிக்க வேண்டிய வரலாறு இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிகாகோவில் வாழ்ந்த விட்கோம்ப் ஜட்சன் என்பவர், அழுத்தக் காற்றால் இயங்கும் தெருவண்டிகளுக்காக ஏற்கெனவே பல காப்புரிமைகள் பெற்றிருந்தவர். அந்நாளைய உயரமான பூட்ஸில் வரிசையாக இருந்த பொத்தான்களையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக மாட்டும் வேலையை ஒரே இழுப்பில் முடிக்க அவர் விரும்பினார். 1893 ஆகஸ்ட் 29 அன்று அவருக்கு இரண்டு அமெரிக்கக் காப்புரிமைகள் ஒரே நாளில் கிடைத்தன. 504,037, 504,038 என்னும் எண்கள் கொண்ட அவ்விரண்டின் தலைப்பிலும் ஷூ இடம்பெற்றிருக்கிறது.

அந்த வரைபடங்களை நெருங்கிப் பார்த்தால் இன்றைய ஜிப்பின் உருவம் அதில் இல்லை. ஷூவின் இரு விளிம்புகளிலும் பெரிய உலோகக் கொக்கிகள் இடைவெளி விட்டு நிற்கின்றன. இரு வரிசைகளையும் தன்னுள் வாங்கும் ஒரு வழிகாட்டித் துண்டு, கொக்கிகளை ஒரு கோணத்தில் சாய்த்து எதிரெதிரே கொண்டுவந்து, ஒன்றின் நுனி மற்றொன்றின் கண்ணுக்குள் விழும்படி செய்கிறது. அது கடந்துபோனதும் அவை நிமிர்ந்து பூட்டிக்கொள்கின்றன. சறுக்கி நகரும் ஒரு துண்டு தொடர்ச்சியாகப் பல பூட்டுகளைப் பூட்டிக்கொண்டே போகலாம் என்பதே இங்குள்ள பெரிய கருத்து. அந்தக் கருத்து சரியானது. அதைச் சுமந்த கொக்கிகள் சரியானவை அல்ல. காப்புரிமை கிடைத்த அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வைத்தும் அதற்கு வரவேற்பு இல்லை. வழக்கறிஞர் லூயிஸ் வாக்கரின் முதலீட்டில் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1905-இல் கொக்கிகளைத் துணிப்பட்டையில் பொருத்திப் பாவாடைகளுக்காக விற்ற வடிவமும் எதிர்பாராத வேளையில் வாய் பிளந்துகொண்டதால் நிலைக்கவில்லை. ஜட்சன் 1909-இல் காலமானார்.

அந்த நிறுவனத்தில் 1906-இல் சேர்ந்த, சுவீடனில் பிறந்த பொறியாளர் கிடியன் சண்ட்பேக், கொக்கியையே கைவிட்டார். கொக்கிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு பற்களை அமைத்தார்; ஒவ்வொரு பல்லின் மேற்புறத்தில் ஒரு மேடும் கீழ்ப்புறத்தில் ஒரு குழியும் இருந்ததால், ஒன்றன் மேடு அடுத்ததன் குழிக்குள் உட்கார்ந்தது. ஓர் அங்குலத்துக்கு நான்காக இருந்த எண்ணிக்கையைப் பத்துக்கு மேல் உயர்த்தினார். 1913-இல் அந்த வடிவம் உருவாகி, 1917-இல் காப்புரிமை கிடைத்தது. பி. எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனம் 1923-இல் மழைக்கும் பனிக்கும் ஷூவின் மேல் அணியும் ரப்பர் பூட்ஸில் அதைப் பொருத்தி விற்றபோதுதான் அது பெரிய அளவில் மக்களிடம் சென்றது. 'ஜிப்பர்' என்பது அந்தப் பூட்ஸுக்கு அந்நிறுவனம் வைத்த வணிகப் பெயர். காலுக்காகப் பிறந்த பொருள், முப்பது ஆண்டுகள் கழித்துக் காலில்தான் பெயர் பெற்றது.

அப்படியென்றால் இன்று எல்லா ஷூவிலும் ஏன் ஜிப் இல்லை?

ஜிப் வாயை மூடுகிறது. இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. மூடியபின் இரு விளிம்புகளுக்கும் உள்ள தூரம் எப்போதும் ஒன்றே. பாதம் மாலையில் வீங்கினாலும், தடித்த சாக்ஸ் அணிந்தாலும் அதற்கு இடமில்லை. நடக்கும்போது அதிகம் மடங்கும் புறங்கால் பகுதியில் வைத்தால் பற்கள் வளைவுக்கு ஈடுகொடுப்பதில்லை. சேறும் மணலும் புகுந்தால் சறுக்குத்துண்டு நிற்கிறது. ஒரு பல் போனால் முழு ஷூவும் பயனற்றதாகிறது. அதனால்தான் வளைவு குறைவான இடமாகிய உயரப் பூட்ஸின் உட்பக்கத்தில் ஜிப் நிலைபெற்றது. தீயணைப்பு வீரர்கள், காவலர்கள் அணியும் சில பூட்ஸில் முன்னே நாடாவும் அதோடு ஜிப்பும் சேர்ந்தே இருப்பதைக் காணலாம்: நாடாவால் ஒருமுறை அளவைச் சரிசெய்துகொண்டு, அன்றாடம் போட்டுக் கழற்ற ஜிப்பைப் பயன்படுத்துகிறார்கள். வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு அமைப்புகளிடம் கொடுக்கும் இந்த வழியை, ஒன்றே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பல புதுமைகளைவிட நான் மேலானதாக மதிக்கிறேன்.

எலாஸ்டிக் போதாதா?

பல பயன்பாடுகளுக்குப் போதும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறை 1840-களில் நிலைபெற்றதும், விக்டோரியா அரசியாருக்குக் காலணி செய்தளித்த லண்டன் கைவினைஞர் ஸ்பார்க்ஸ் ஹால், பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸை உருவாக்கி 1851-இல் காப்புரிமை பெற்றார். பொத்தானும் நாடாவும் இல்லாமல் இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. உருக்காலைகளில் நாடா உள்ள பூட்ஸைத் தவிர்ப்பதற்கும் நல்ல காரணம் உண்டு: உருகிய உலோகம் தெறித்தால் நாடாக்களின் இடுக்கில் தங்கும், பூட்ஸை உடனே உதறிக் கழற்றவும் இயலாது.

எலாஸ்டிக்கின் எல்லை தெளிவானது. எளிதாக விரிந்து பாதத்தை உள்ளே விடும் அதே நெகிழ்ச்சி, ஓடும்போதும் சட்டெனத் திரும்பும்போதும் பாதத்தை நகரவிடுகிறது. மேலும், பல மாதங்கள் இழுபட்ட எலாஸ்டிக் மெல்ல மெல்லத் தளர்கிறது. அதை அணிபவர் இறுக்கிக்கொள்ள வழியில்லை.

வெல்க்ரோ எவ்வாறு வந்தது? ஷூவில் அதன் பலமும் பலவீனமும் என்ன?

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் 1941-இல் நாயுடன் மலைப்பகுதியில் நடந்துவிட்டுத் திரும்பியபோது, தம் உடையிலும் நாயின் மயிரிலும் பர்டாக் செடியின் முள்காய்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். நம் ஊர் வரப்புகளில் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்ளும் நாயுருவிபோல என்று வைத்துக்கொள்ளலாம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது முள்ளின் நுனி கொக்கியாக வளைந்திருப்பது தெரிந்தது. ஒருபுறம் கொக்கிகளும் மறுபுறம் நூல் வளையங்களும் கொண்ட பட்டையை உருவாக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பருத்தி தேய்ந்துபோனதால் நைலானுக்கு மாறினார். நைலான் வளையங்களைச் சூட்டில் உறுதியாக்கி, ஒரு பக்கமாக வெட்டினால் கொக்கி கிடைத்தது. அமெரிக்கக் காப்புரிமை 1955-இல் அமைந்தது. 1968-இல் பூமா நிறுவனம் வெல்க்ரோ பட்டை வைத்த விளையாட்டு ஷூவை வெளியிட்டது.

வெல்க்ரோவைப் பயன்படுத்துபவர் முதலில் அறிய வேண்டியது விசையின் திசை. பட்டையின் தளத்தோடு ஒட்டி இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் ஒரே நேரத்தில் எதிர்க்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தால் ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டுமே எதிர்க்கும். எனவே நடக்கும்போது வரும் விசை பட்டையின் நீளவாக்கில் விழும்படியும், உரிக்கும் விசை விரலால் மட்டுமே வரும்படியும் அமைக்க வேண்டும். பட்டையை ஓர் உலோக வளையத்துக்குள் நுழைத்துத் திருப்பித் தன்மேலேயே ஒட்டினால், சுமையை இரு பாதிகள் பகிர்ந்துகொள்வதால் ஒட்டுமிடத்தில் விழும் இழுவிசை ஏறத்தாழ பாதியாகிறது, இறுக்கவும் எளிதாகிறது. குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் இந்த மாற்றத்தைப் பல மலிவான ஷூக்கள் ஏன் தவிர்க்கின்றன என்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

பலவீனமும் கண்ணுக்குத் தெரிவதே. ஓராண்டு பயன்படுத்திய பள்ளிக்கூட ஷூவின் பட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கொக்கிகளுக்கு நடுவே சாக்ஸ் நூலும் தலைமயிரும் மண்ணும் அடைந்து, தட்டையான ஒரு படலமாகியிருக்கும், எதிர்ப்பக்கத்தில் வளையங்கள் பிய்ந்து பஞ்சுபோல் எழும்பியிருக்கும். கொக்கிகளைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தால் பாதி பலம் மீளலாம். பிய்ந்த வளையம் மீளாது. உரிக்கும்போது எழும் சத்தமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

திருகி இறுக்கும் டயல் ஷூக்கள் எப்படி வேலை செய்கின்றன?

1991-இல் பூமா வெளியிட்ட 'டிஸ்க்' ஷூவில் நாடாவுக்குப் பதில் உள்ளே ஓடும் கம்பிகளை ஒரு வட்டத்தட்டு இழுத்தது. அதை விரிவாகப் பரவச் செய்தவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஹாமர்ஸ்லாக். மருத்துவக் கருவித் துறையில் அனுபவம் பெற்றிருந்த அவர், பனிச்சறுக்குப் பலகைக்கான பூட்ஸை உறைந்த விரல்களோடு இறுக்கும் சிரமத்தை முன்னிட்டு 2001-இல் 'போவா' அமைப்பைக் கொண்டுவந்தார். மெல்லிய எஃகு இழைக்கம்பி, உராய்வு மிகக் குறைந்த பிளாஸ்டிக் வழிகாட்டிகள், ஒரு திசையில் மட்டும் 'டிக் டிக்' என்று நகரும் பற்சக்கரம் ஆகியவை அதன் உறுப்புகள். டயலை அழுத்தித் திருகினால் இறுகும். வெளியே இழுத்தால் ஒரேயடியாக விடுபடும். கையுறையோடும் இயக்கலாம், சைக்கிள் ஓட்டியபடியும் இறுக்கலாம்.

உராய்வு குறைவு என்பது இங்கே பலமும் பலவீனமும் ஆகிறது. கம்பி எல்லா இடத்திலும் ஒரே இழுவிசையைத் தருவதால், கீழே தளர்வு, மேலே இறுக்கம் என்று வேறுபடுத்த வேண்டுமானால் இரண்டாவது டயல் வைக்க வேண்டும். கம்பி மெல்லியது என்பதால், வழிகாட்டிகள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் புறங்காலில் ஒரு கோடாக அழுத்தும். காட்டு வழியில் டயல் உடைந்தால் கைவசமுள்ள கயிற்றால் நிலைமையைச் சமாளிப்பதும் கடினம். ஆயினும் நாடா செய்யும் மூன்று வேலைகளையும் செய்து, கைக்கும் எளிதாக இருக்கும் புதிய முறைகளுள் இதையே முதலில் வைப்பேன்.

மோட்டார் வைத்துத் தானாக இறுகும் ஷூதானே எதிர்காலம்?

அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. நைக்கி நிறுவனம் 2016-இல் மோட்டாரால் இறுகும் ஷூவை 720 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் 350 டாலருக்குக் கூடைப்பந்து ஷூ வந்தது. அதே ஆண்டு, கைப்பேசிச் செயலியின் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சிலருடைய ஷூ செயலியோடு இணைய மறுத்தது. 2024-இல் அந்தச் செயலியையே நிறுவனம் விலக்கிக்கொண்டது. ஷூவில் உள்ள பொத்தான்கள் மட்டும் வேலை செய்தன. மின்கலம், மோட்டார், மென்பொருள் என்று மூன்று புதிய பழுதுகளை ஷூவுக்குள் கொண்டுவரும்போது, அவற்றுக்கு ஈடான நன்மை இருக்க வேண்டும். கைகள் இயங்காத ஒருவருக்கு அந்த நன்மை உண்மையிலேயே பெரியது. அவருக்காக வடிவமைத்து, அவர் வாங்கக்கூடிய விலையில் கொடுப்பதானால் இந்த வழியைத் தொடர்வது நியாயமே.

காந்தத்தைப் பயன்படுத்தலாமா?

சிறிய அளவில் பயன்படுத்தலாம். காந்தம் நேராகப் பிரிக்கும் விசையை நன்றாக எதிர்க்கிறது. பக்கவாட்டில் சறுக்கும் விசையை அதில் ஒரு பகுதியளவே எதிர்க்கிறது. புறங்காலில் வருவது பெரும்பாலும் சறுக்கும் விசை. ஆகவே சறுக்காமல் தடுக்க ஒரு பள்ளமோ பல்லோ உடன் வேண்டும். காந்தத்தின் வேலை அவற்றைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதாக மட்டும் இருக்கட்டும். தெருமண்ணில் உள்ள இரும்புத்துகள் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புதிய முறைகள் உண்மையில் யாருக்குத் தேவை?

நாடாவைக் கட்ட இயலாதவர்களுக்கு. மூட்டுவாதத்தால் விரல் மடங்காத முதியவர்கள், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையால் வாழ்பவர்கள், குனிய முடியாத கர்ப்பிணிகள், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என இவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. 2012-இல் பெருமூளை வாதம் உள்ள ஓர் அமெரிக்க மாணவர், பதினாறு வயதிலும் பெற்றோர்தான் தமக்கு ஷூ கட்டிவிட வேண்டியிருக்கிறது என்று நைக்கி நிறுவனத்துக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக 2015-இல் 'ஃபிளைஈஸ்' ஷூ வந்தது: பக்கத்திலிருந்து குதிகாலைச் சுற்றிச் செல்லும் ஜிப்பைத் திறந்தால் ஷூவின் பின்புறமே கீழிறங்கி வழிவிடும், பாதத்தைத் திணிக்காமல் நேராக உள்ளே நுழைக்கலாம். 2021-இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில் அடிப்பகுதியே நடுவில் கீல்போல மடங்கித் திறந்திருக்கும். மிதித்தால் மூடிக்கொள்ளும், கையே வேண்டாம். இக்கட்டான ஒருவரின் தேவையை முன்வைத்துத் தொடங்கியதால்தான், ஷூவின் வாய் முன்பக்கத்தில்தான் திறக்க வேண்டும் என்னும் நெடுநாள் எண்ணத்தை விட்டு வடிவமைப்பாளர்கள் வெளியே வர முடிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. வேலூரில் 1940-களின் இறுதி முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வரும் புண்களுக்கு வலி தெரியாமல் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர். உணர்விழந்த பாதங்களுக்காக, நுண்துளை ரப்பர் அடிப்பகுதியோடு இன்று தயாராகும் எம்.சி.ஆர் செருப்புகளை மருத்துவமனைகளிலும் காலணிக் கூடங்களிலும் காணலாம். நீரிழிவு நோயாளிகளும் அவற்றை அணிகிறார்கள். அவற்றின் வார்களில் வெல்க்ரோ வைப்பதற்குக் காரணம், மடங்கிப்போன விரல்களாலும் அதை ஒட்ட முடியும், பாதம் வீங்கினால் தளர்த்த முடியும் என்பதே. இறுக்கம் அதிகமானால் அணிபவருக்கே தெரியாது என்னும் நிலையில், பூட்டும் அமைப்பு எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லையும் இருக்க வேண்டும். இறுக்கத்துக்கு வரம்பு வைக்கும் எளிய, மலிவான வார் ஒன்றை எவரேனும் உருவாக்கினால் அது மிகப் பெரிய தொண்டாகும்.

எனக்கு ஓர் எண்ணம் தோன்றியுள்ளது. எங்கே தொடங்குவது?

நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ஷூவை எடுத்து, அதன் பூட்டும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு உங்கள் அமைப்பைத் தைத்துப் பாருங்கள். புதிய ஷூவையே உருவாக்க முற்பட்டால், கோளாறு உங்கள் அமைப்பில் இருக்கிறதா, ஷூவின் அளவில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. ஒரு காலில் உங்கள் அமைப்பும் மறுகாலில் நாடாவுமாக அணிந்து நாள் முழுவதும் நடந்தால், வேறுபாடு உடனுக்குடன் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதித் தொழிற்சாலைகளின் சாம்பிள் பிரிவில் வேலை செய்பவர்களிடம் காட்டினால், தைப்பதற்கு எத்தனை கூடுதல் வேலை, லாஸ்ட் எனப்படும் பாத வடிவ அச்சின்மேல் ஏற்றி இழுக்கும்போது அந்த உறுப்பு தாங்குமா என்பவற்றைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். ஆனால் காட்டுவதற்கு முன் காப்புரிமை பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள்.

எந்தெந்தச் சோதனைகள் செய்ய வேண்டும்?

திரும்பத் திரும்பத் திறந்து மூடுதல், நனைத்தபின் மூடுதல், மணல் தூவியபின் மூடுதல், ஒரு கையால் மூடுதல், இருட்டில் மூடுதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். பட்டையை ஒட்டும் முறைகளுக்கு, பலமுறை திறந்து மூடுவதற்கு முன்னும் பின்னும் பிடிப்பை அளக்கும் பன்னாட்டுத் தரங்கள் உள்ளன: நீளவாக்கு இழுப்புக்கு ஐஎஸ்ஓ 22776, உரிப்புக்கு ஐஎஸ்ஓ 22777. நாடாவின் தேய்மானத்துக்கு ஐஎஸ்ஓ 22774. இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த அமைப்பு உடைந்தால் அணிந்திருப்பவர் வீடு வரை நடந்து செல்ல முடியுமா? அறுந்த நாடாவை முடிந்துகொண்டு போகலாம். உங்கள் அமைப்பிலும் அப்படியொரு மாற்று வழி இருக்க வேண்டும்.

காப்புரிமை பெறுவது எப்படி?

முதலில் தேடுங்கள். பன்னாட்டு வகைப்பாட்டில் காலணிப் பூட்டுகளும் நாடாக்களும் ஏ43சி என்னும் பிரிவில் அடங்கும். ஜிப், பொத்தான், பக்கிள் போன்றவை ஏ44பி பிரிவில் வரும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் தளங்களிலும் கட்டணமின்றித் தேடலாம். பெரும்பாலானோர் தம் எண்ணத்துக்கு நெருங்கிய ஒன்றை அங்கே காண்பார்கள். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. அது ஏன் சந்தைக்கு வரவில்லை என்று ஆராய்வதே அடுத்த படி.

தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. எண்ணம் முழு வடிவம் பெறாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து முன்னுரிமைத் தேதியைப் பெறலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கும் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக்கோரிக்கைக்கும் வழக்கறிஞருக்கும் தனிச் செலவு உண்டு. காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவின்படி, தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும் தெரிந்த பொருள்களை அடுக்கி வைப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. ஷூவில் ஜிப்பும் வெல்க்ரோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதாது. இரண்டும் சேர்வதால் புதியதொரு விளைவு பிறக்க வேண்டும். தோற்றம் மட்டுமே புதியதானால் வடிவமைப்புப் பதிவு உண்டு. அது 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள்.

விண்ணப்பிக்கும் முன் காணொளி வெளியிடுவதோ, கண்காட்சியில் வைப்பதோ, கடையில் விற்றுப் பார்ப்பதோ கூடாது. அவ்வாறு வெளியானது உங்கள் சொந்த எண்ணமாகவே இருந்தாலும் அதன் புதுமை போய்விட்டதாகக் கருதப்படலாம். தொழிற்சாலையில் காட்டுவதாக இருந்தால் தேதியிட்ட இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காலாவதியான காப்புரிமைகளை எடுத்துப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம், அதற்காகத்தான் அவை வெளியிடப்படுகின்றன. மெஸ்ட்ராலின் காப்புரிமை 1978-இல் முடிந்தபின், கொக்கி வளையப் பட்டையை எவரும் தயாரிக்கிறார்கள்; 'வெல்க்ரோ' என்னும் பெயர் மட்டும் பதிவுபெற்ற வணிகக் குறியாகத் தொடர்கிறது. ஏ43சி பிரிவில் நூறாண்டுக்கு முந்தைய ஆவணங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் பல, அந்நாளில் கிடைத்த எஃகும் தோலும் ஈடுகொடுக்காததால் கைவிடப்பட்டவை. உராய்வு மிகக் குறைந்த பிளாஸ்டிக்கும் வலிய நைலான் இழையும் இருக்கும் இன்று அவற்றில் சிலவற்றை மீண்டும் செய்து பார்க்கலாம். ஜட்சனின் 504,038-ஆம் எண் ஆவணத்தின் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டு, கொக்கிகளின் கோணத்தையும் வழிகாட்டித் துண்டின் உட்புறத்தையும் அட்டையில் வெட்டிச் செய்து பாருங்கள்.